லேதே யாறும் வைதரணியும்: இலத்தீன் கீழுலகச் சொற்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பிறமொழிக் காப்பியங்களை நம் மொழியிற் பெயர்த்தெழுதுவோரும், அவற்றை நம் நூல்களோடு ஒப்பிட்டுரைப்போரும், சொல்லுக்குச் சொல் நேர்வைத்துச் செல்லும் விரைவிற் பொருளை நழுவவிடுதல் உண்டு. அங்ஙனம் நழுவியவற்றுள் ஒருதொகுதி, இலத்தீன் மொழியிற் கீழுலகத்தையும் ஆண்டோடும் யாறுகளையும் குறிக்குஞ் சொற்களாம். 'உரோமர் கூறும் இன்பெரி நம்மவர் கூறும் நரகமே. அதன்கண் ஓடும் யாறுகள் வைதரணியே. பெயர் வேறு, பொருள் ஒன்று' என்பது ஒப்பிட்டுரைப்போர் சிலர் கொள்கை.

இக்கொள்கையைப் பிறர்பாற் கண்டு குறைகூற வந்தேனல்லேன். மடத்திற் பாடங்கேட்டுப் பின்னர்ப் பள்ளியிற் பல்லாண்டு தமிழாசிரியனாயிருந்த காலத்து, ஆங்கிலப் பாட்டொன்றில் வந்த 'லேதே' என்னுஞ் சொற்கு மாணவனொருவன் பொருள் வினவ, 'அது வைதரணி' என்று யானே விடை கூறினேன். அவன் அதனை ஏட்டிற் குறித்துக்கொண்டான். ஓய்வுபெற்றபின், வர்ஜில் என்னும் உரோமப் புலவரின் காப்பியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவும், இலத்தீன் வல்ல நண்பர் ஒருவர் துணையால் மூலத்தின் வழியாகவும் பயின்றபோதே அவ்விடையின் பிழை எனக்கு விளங்கிற்று. பிழை ஒரு சொல்லளவில் நிற்பதாயின் இத்துணை விரித்தல் வேண்டா. உயிர் தன்னை மறத்தல் எதனால் என்னும் பெருவினா அச்சொல்லினுள் அடங்கிக் கிடத்தலின் விரித்தல் இன்றியமையாததாயிற்று.

முதற்கண் 'இன்பெரி' என்னுஞ் சொல்லை ஆராய்வாம். 'கீழான' எனப் பொருள்படும் 'இன்பெருஸ்' என்னும் அடைமொழியினின்று தோன்றிய பலர்பாற் பெயர் இது. 'கீழுள்ளோர்' என்பதே இதன் பொருள். ஒருவன் இறந்து கீழுலகம் புக்கான் என்பதை அம்மொழியார் 'கீழுள்ளோரிடத்துச் சென்றான்' என்றே கூறுவர். உறைவார் பெயர் அவருறையும் இடத்திற்காயினமையின், நன்னூலார் நெறிநின்று இதனைத் தானியாகுபெயர் என்னலாம். இதன் மறுதலையாகிய 'சூபெரி' என்பது 'மேலுள்ளோர்' எனப் பொருள்பட்டு, வானத்துத் தேவரையும், கீழுள்ளார் நோக்கில் நிலவுலகத்து உயிர்வாழ்வாரையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே இன்பெரி என்பதன்கண் ஒறுத்தற்பொருள் சிறிதுமில்லை. நல்லார் தீயார் என்னும் வேறுபாடின்றி இறந்தார் அனைவரும் இன்பெரியே. தமிழில் இதற்கு நேர் தேடின் 'நரகர்' என்பது பொருந்தாது. வள்ளுவனார் வழங்கிய 'தென்புலத்தார்' என்பதே அணித்தாகும். திசை வேறாயினும், இறந்தாரை அவருறையும் புலத்தாற் சுட்டும் முறை இரண்டிடத்தும் ஒன்றாதல் காண்க. 'கீழ்ப்புலத்தார்' எனப் பெயர்ப்பின், கீழ் என்பது நம் வழக்கிற் கிழக்கினையும் குறித்தலின் மயக்கந் தரும். 'கீழுலகத்தார்' என்றலே தெளிவுடைத்து.

உரோமர் தம் இறந்தாரைப் போற்றிய முறையும் இதனை வலியுறுத்தும். இறந்தார் ஆவிகளை அவர் 'மானேஸ்' என வழங்கினர். 'நல்லோர்' என்பது அதன் பொருள் எனப் பண்டையோர் கொண்டனர். சுடுகாட்டை நன்காடு என்றும், செத்தாரைத் துஞ்சினார் என்றும் கூறும் நம் மங்கல வழக்கோடு இது முற்றும் ஒக்கும். 'தெய்வமாகிய மானேஸுக்கு' என்னுந் தொடரின் முதலெழுத்து இரண்டினையே கல்லறைதோறும் அவர் பொறித்துவைத்தனர். ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை தம் முன்னோர்க்குக் கடன் கழித்தனர். மாலை, தானியம், சிறிது உப்பு, மதுவில் நனைத்த அப்பம், உதிரிப்பூ இவை போதும் என்று ஓவிட் என்னும் புலவர் தம் நாட்காட்டி நூலிற் கூறுகின்றார். உரோம் நகரில் 'முந்துஸ்' எனப்பட்ட குழி ஒன்று, ஆகஸ்ட் 24, அக்டோபர் 5, நவம்பர் 8 ஆகிய மூன்று நாள்களிலே திறக்கப்பட்டது. அந்நாள்களிற் கீழுள்ளோர் வழி திறந்திருத்தலின் போர் தொடங்குதல் முதலியன தகா என விலக்கினர். இவையெல்லாம் தென்புலத்தார் கடனையொத்த செயல்களன்றி நரகர்பொருட்டுச் செய்வன ஆகா.

கீழுலகத் தலைவனையும் அவர் மங்கலமாகவே பெயரிட்டனர். 'தீஸ்' என்னும் பெயர் 'செல்வமுடையான்' எனப் பொருள்படும் 'தீவெஸ்' என்னுஞ் சொல்லின் குறுக்கமாம். 'புளூட்டோன்' என்னுங் கிரேக்கப் பெயர்க்கும் செல்வமே அடி. எல்லாம் நிலத்தினின்று தோன்றி நிலத்திலே ஒடுங்குதலின் அவன் செல்வனாயினான் என்று, கி.மு. 45-ஆம் ஆண்டில் இயற்றிய 'தெய்வங்களின் இயல்பு' என்னும் நூலிற் சிசரோ அமைதி காட்டுவர். இறைவன் பெயராயும் இடப்பெயராயும் வழங்கும் மற்றொரு சொல் 'ஓர்குஸ்'. அதன் பிறப்பு விளங்காது. மக்கள் வழக்கில் அஃது இறப்பையே குறிக்குஞ் சொல்லாயிற்று.

இவற்றுள் ஒறுப்பிடமாக எண்ணத்தகுவது 'தார்தருஸ்' ஒன்றே. ஓமர் அதனை, வானம் நிலத்திற்கு எத்துணை உயரமோ அத்துணை ஆழத்திற் கீழுலகத்திற்கும் கீழே வைத்தார். வர்ஜில் அவ்வாழத்தை இருமடங்காக்கினார். நரகம் என்னுஞ் சொல்லை ஒருதலையாக வைத்தேயாகவேண்டின் அங்கு வைத்தல் கூடும். ஆண்டும் ஒரு வேறுபாடு உளது. நம் நூல்களில் நரகத் துன்பம் தீவினையின் பயனாய் நுகர்ந்து கழிவது. நுகர்ந்தொழிந்த உயிர் மீளும். தார்தருஸிற் புக்கார் சிலர்க்கு மீட்சியே இல்லை என்பது வர்ஜில் கூற்று. தீசியஸ் என்னும் வீரன் என்றும் அங்கே அமர்ந்திருப்பான் என்கின்றார்.

அங்ஙனமாயின் இன்பெரி முழுதும் நரகமாயினது எவ்வாறு? அது பிற்காலத்து நிகழ்ந்த பொருட்டிரிபு. 'இன்பெருஸ்' என்பதன் உடன்பிறப்பாகிய 'இன்பெர்னுஸ்' என்னுஞ் சொல்லை, விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பு எபிரேயரது 'சியோல்' என்னும் இறந்தாருலகிற்கு வழங்கிற்று. நாளடைவில் அச்சொல் தீயோர் எரியும் இடத்தையே குறிப்பதாகச் சுருங்கி, இத்தாலிய மொழியில் 'இன்பெர்னோ' ஆயிற்று. 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம், இறந்தாருலகையும் எரியிடத்தையும் பெரும்பாலும் 'எல்' என்னும் ஒருசொல்லாலேயே பெயர்த்தது. தமிழ் விவிலியத்தார் 'பாதாளம்' என்றும் 'நரகம்' என்றும் இரண்டினையும் பிரித்து வைத்தமை பாராட்டற்குரியது. சமயம் வேறாயினும் சொல்லாட்சியில் அவர் காட்டிய விழிப்பு நமக்கும் வேண்டுவதே. நம்மவருள் ஒப்பிட்டுரைப்போர் இலத்தீனை ஆங்கிலத்தின் வழியாகவும், ஆங்கிலச் சொல்லை அதன் பிற்காலப் பொருளின் வழியாகவும் நோக்கினமையே மேற்கூறிய மயக்கத்திற்குக் காரணம் என்க.

நிற்க. யாறுகளின் பெயர்களை நோக்குவாம். தீஸ் என்னும் பெயரைத் தம் மொழியில் ஆக்கிக்கொண்ட உரோமர், யாறுகளின் பெயர்களைக் கிரேக்க வடிவிலேயே ஏற்றுக்கொண்டனர். அவை ஐந்து: அக்கெரோன், கொகீதுஸ், ஸ்திக்ஸ், பிளெகெதோன், லேதே. இவற்றுள் நான்கு மிகப் பழையன. ஓமரின் ஒதிசி பத்தாங் காண்டத்தில், எரியாறும் ஸ்திக்ஸின் கிளையாகிய கொகீதுஸும் அக்கெரோனிற் கலக்கின்றன எனக் கூறப்படும். 'கொகீதுஸ்' ஓலமிடுதலையும், 'ஸ்திக்ஸ்' வெறுப்பையும், 'பிளெகெதோன்' எரிதலையும் அடியாகக் கொண்ட பெயர்கள். அக்கெரோனைத் 'துயர்' என்னும் பொருட்சொல்லோடு பண்டையோர் இயைத்தனர். அது பிற்காலத்தார் ஒலியொப்புமைபற்றிக் கண்ட பொருளாதலும் கூடும்.

இவை வெறுங் கற்பனையும் அல்ல. அக்கெரோன் கிரேக்க நாட்டு வடமேற்கில் எப்பைரஸ் பகுதியில் இன்றும் ஓடும் யாறு. அதன் கரையில் இறந்தாரை வினவும் நிமித்தகம் இருந்தமை எரதோத்தஸ் வரலாற்றால் அறியப்படும். ஸ்திக்ஸ் அர்க்காதிய மலைநாட்டில் உயர்ந்த பாறையினின்று வீழும் அருவி. கீழுலகத்திற்கு வாயிலெனப்பட்ட 'அவெர்னுஸ்' நேப்பிள்ஸ் நகர்க்கு மேற்கே, எரிமலை வாயில் நீர் நிறைந்தமையால் ஆகிய ஏரி. அதன் மேற் பறக்கும் புட்கள் நச்சாவியால் வீழும் எனக் கருதி, 'புள்ளில்லது' என்னும் பொருளில் அப்பெயர்க்குக் கிரேக்க அடி கூறினர். கி.மு. 37-ஆம் ஆண்டில் அக்கிரிப்பா என்னும் படைத்தலைவன் அவ்வேரியைக் கால்வாயால் இணைத்துப் போர்க்கலத் துறையாக்கினான். கீழுலக வாயிலிற் கப்பல் கட்டிய அக்காலத்திற்குச் சில ஆண்டுகளின் பின்னரே, வர்ஜில் அதே வாயில் வழியாகத் தம் காப்பியத் தலைவனைக் கீழே அனுப்பினார் என்பது நினைக்கத்தக்கது. மெய்யான நிலத்தின்மேல் நின்றே அவர் மறுமையைப் பாடினார்.

இந்நான்கனுள் எதனையேனும் வைதரணி என்னலாமோ எனின், ஆராய்ந்தே கூறல் வேண்டும். வைதரணி, யமபுரம் செல்லும் வழியிற் குருதியும் சீயும் பெருகிக் கிடப்பது. தீவினையாளர் அதனுள் வருந்துவர். ஆன்கொடை செய்தார் அதன் துணையாற் கடப்பர். அங்கே தடை வினை. அக்கெரோன் கரையிலோ கேரன் என்னும் ஓடக்காரன் ஒருவரை ஏற்றுதற்கும் மறுத்தற்கும் பார்ப்பது வினையை அன்று. ஈமக்கடன் பெற்றாரா என்பதையே. அது பெறாதார் நூறாண்டு கரையில் அலைவர். கேரனைக் குறிக்க வர்ஜில் வழங்கிய 'போர்த்திதோர்' என்னுஞ் சொல் துறைமுகத்துச் சுங்கங் கொள்வோனையும் ஓடஞ் செலுத்துவோனையும் ஒருங்கே குறிப்பது. சுங்கக்காரன் அறவோனும் அல்லன், ஒறுப்போனும் அல்லன்; கொடுக்கவேண்டியது கொடுக்கப்பட்டதா என்று மட்டுமே நோக்குவான். ஆகலின் கடக்கும் யாறு என்னும் அளவிலே அக்கெரோன் வைதரணியை ஒக்கும்; கடத்தற்குரிய காரணத்தில் ஒவ்வாது. தீயோரைச் சூழும் எரியாறாகிய பிளெகெதோன் ஒறுப்போடு இயைபுடைத்து. ஆயினும் வர்ஜில் அதனைத் தார்தருஸின் மதிலைச் சூழ்ந்த அகழியாகவே வைத்தனர். ஆண்டுக் கடப்பார் இல்லை. ஸ்திக்ஸோ தேவர் சூளுறும் நீர். பொய்ச்சூளுற்ற தேவன் ஓராண்டு மூச்சற்றுக் கிடந்து, ஒன்பதாண்டு தேவர் அவையினின்று விலக்குண்பான் என்பது எசியட் கூற்று.

இனி ஐந்தாவதாகிய லேதேக்கு வருவாம். ஓமரில் இப்பெயரால் யாறு இல்லை. எசியட் 'லேதே' என்பாளைக் கலகத்தின் மகளாகவே கூறுவர். பிளாத்தோ தம் 'குடியரசு' நூலின் இறுதியில், மறுபிறப்பிற்குச் செல்லும் உயிர்கள் 'மறதி வெளி' என்னும் மரமற்ற வெப்பவெளியைக் கடந்து ஓர் யாற்றின் நீரை அளவாகப் பருகவேண்டும் என்றும், அறிவடக்கம் இல்லாதார் அளவிற்கு மிஞ்சிப் பருகுவர் என்றும் உரைத்தார். மறதியே யாறாயினமை இவ்வழியிற் போலும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய போசேனியஸ் கண்ட நிமித்தகம் ஒன்றில், வினவ வருவோர் முதலில் மறதிநீரும் பின்னர் நினைவுநீரும் பருகினர். தென்னித்தாலியில் இறந்தாரோடு புதைக்கப்பட்ட பொற்றகடுகள் கிடைத்துள்ளன. 1969-ஆம் ஆண்டில் இப்போனியத்தில் அகழ்ந்தெடுத்தது அவற்றுட் பழமையானது. அவை கிரேக்க மொழியில் உயிர்க்கு அறிவுறுத்துவன: வழியில் வெண்சைப்பிரசு மரத்தருகே உள்ள ஊற்றை அணுகற்க, அப்பாற் செல்க, நினைவுத் தெய்வத்தின் ஏரிநீரை வேண்டிப் பருகுக. முதலூற்றின் பெயரைத் தகடுகள் கூறவில்லை. ஆயினும் மறத்தலே மீண்டும் பிறத்தற்கு வாயில், மறவாமையே வீட்டிற்கு வாயில் என்னுங் கருத்து அந்நாட்டார் உள்ளத்து ஆழ வேரூன்றியிருந்தது என்பது இவற்றாற் பெறப்படும்.

சொல்லும் இதற்குத் துணைநிற்கும். 'லேதே' என்பதன் அடி முதற்கண் 'மறைந்து நிற்றல்' எனப் பொருள்படுவது. அதன் மறுதலையாகிய 'அலேதெயா' கிரேக்கத்தில் 'உண்மை'க்குப் பெயர். மறைப்பில்லாதது என்பது அதன் உறுப்புப் பொருள். மறத்தலும் மறைத்தலும் நம் மொழியிலும் ஒலியால் அண்மையன. அதுகொண்டு வேர் காணப் புகுதல் வேண்டா. கருத்தின் அண்மை ஒன்றே ஈண்டுப் போதும்.

இக்கருத்துகளெல்லாம் ஒருங்கு திரள்வது வர்ஜிலின் ஈனியட் ஆறாங் காண்டத்தில். கி.மு. 70-இற் பிறந்து 19-இல் மறைந்த அப்புலவர், தம் தலைவனாகிய ஈனியஸைத் தந்தையாகிய அங்கைசிஸின் ஆவியைக் காணக் கீழே செலுத்துகின்றார். ஓலமும் எரியும் கடந்து, இன்பநிலமாகிய எலீசியம் சேர்ந்தபோதே லேதே யாறு புலப்படுகின்றது. இவ்விடவமைதி முதலிற் கருதத்தக்கது. துன்பயாறுகள் வாயிலிலும் சிறையைச் சூழ்ந்தும் ஓட, மறதியாறு ஒன்று மட்டும் நல்லுலகில் ஓடுகின்றது. அதன் கரையில் எண்ணிறந்த உயிர்கள், வேனிற்காலத்துப் பூக்களிற் சூழும் வண்டினம்போல மொய்த்து நிற்கின்றன. மீண்டும் உடலெடுத்தற்குரியன அவை எனத் தந்தை கூறக் கேட்டு மகன் திகைக்கின்றான். மந்தமான உடம்பிற் புகுதற்கு இவ்வெளிய உயிர்கட்கு இத்துணை வேட்கை எங்ஙனம் எழுந்தது என்பது அவன் வினா.

இவ்வினாவே அக்காண்டத்தின் உயிர்நிலை. தந்தை தரும் விடையின் சுருக்கம் இது: உயிர் வானத்து எரியின் வித்து, உடம்பாகிய இருட்சிறையால் மழுங்கி அச்சமும் அவாவும் துயரும் களிப்பும் எய்தும், இறந்தபின்னும் உடம்பின் கறை முற்றும் நீங்காது, அதுபற்றிச் சில உயிர்கள் காற்றில் தூக்கப்படும், சில நீரிற் கழுவப்படும், சில தீயிற் சுடப்படும், பின்னர் எலீசியம் புகும், நெடுங்காலங் கழிய அறிவு தூய்மையுறும், ஆயிரம் ஆண்டுச் சக்கரம் சுழன்றபின் தெய்வம் அவற்றைத் திரளாக லேதேக்கு அழைக்கும், மறந்தபின் உடம்பை விழையத் தொடங்கும். ஒவ்வொருவரும் தத்தமக்குரியதை நுகர்வர் என்னுமிடத்து, மானேஸ் என்னுஞ் சொல்லையே அவரவர் நுகரும் ஊழ் என்னும் பொருளிற் புலவர் ஆண்டிருத்தல் அறிந்து மகிழத்தக்கது. மங்கலச்சொல்லாய்த் தோன்றியது வினைநுகர்ச்சிக்குப் பெயராயிற்று.

விடை அழகிதே; வினாவை நிரப்புமோ என்பதே ஐயம். தந்தை மறுபிறப்பு எவ்வாறு நிகழும் என்றார். எதனால் நிகழும் என்றாரல்லர். உயிர் இயல்பிற் றூயது, கறையெல்லாம் உடம்பால் வந்தது எனின், தூய உயிர் முதன்முதல் உடம்பிற் புக்கது எதனால்? கறையினால் உடம்பு, உடம்பினாற் கறை எனின் ஒன்றையொன்று பற்றுதலாகிய குற்றந் தங்கும். இனி, மூவகையாற் கழுவப்பட்டுத் தூய்மையும் எய்திய உயிர் மீளவும் பிறப்பது எற்றுக்கு? கழுவிய துணியை மீளச் சேற்றிலிடுவது போல்வதன்றோ?

சித்தாந்த நூல் பயின்றார்க்கு இவ்விடத்தின் இடர்ப்பாடு எளிதில் விளங்கும். காற்றும் நீரும் தீயும் கழுவியது வினையின் ஒருபகுதியை மட்டுமே, மூலமலத்தை அன்று. செம்பின்மேற் படிந்த தூசு நீராற் போம். செம்பு தோன்றியபோதே உடன்றோன்றிய களிம்பு நீராற் போகாது. வினையை நுகர்ச்சியாற் கழித்தும் பிறப்பு ஒழியாமைக்குக் காரணம் வினைக்கும் உடம்பிற்கும் முற்பட்ட ஆணவம் உண்மையே. வர்ஜில் அம்மலத்திற்குப் பெயர் அறியார். ஆயினும் எல்லாத் தூய்மையும் முடிந்தவிடத்தே, நல்லுலகின் நடுவே, மறதியை ஓர் யாறாக ஓடவிட்டார். தூய்மைக்குப் பின்னும் எஞ்சிநிற்பதொன்று உண்டு என்பதை அவர் கோட்பாடு உணர்த்தாவிடினும் அவர் வகுத்த நிலப்படம் உணர்த்துகின்றது. இதுவே அக்காண்டத்தின் பெருமை என்பது என் துணிபு.

அங்ஙனமாயின் லேதேயை ஆணவம் எனலாமோ எனின், அதுவும் விரைந்து கூறற்பாலதன்று. ஈண்டு இருவகை மறதி உள. ஒன்று, முற்பிறப்பிற் கண்டவற்றை மறத்தல். மற்றொன்று, தன்னியல்பையும் தலைவனையும் அறியாமை. வர்ஜில் கூறும் லேதே முன்னையது. நனவிற் கண்டதைக் கனவில் மறத்தல்போல உயிர் முன்னுடம்பின் செய்திகளை மறந்து கருவில் வீழும் என்பது, சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திர உதாரணங்களுள் ஒன்றன் கருத்து. முன்னைக் கருவிகள் கழியவே அவற்றால் அறிந்தவையும் கழிந்தன. இதற்கு யாற்றுநீர் வேண்டா. இன்னும் நோக்கின், வர்ஜிலிடத்து உயிர்களை லேதேக்கு அழைப்பது தெய்வம். மறதி தண்டமாகவன்றி, பிறத்தற்கு இயைவிப்பதாகவே தரப்படுகின்றது. எல்லாப் பிறப்பின் துயரும் பகையும் ஒருங்கு நினைவில் நிற்பின் எவ்வுயிர்தான் வாழ்தல் கூடும்? ஆகலின் இம்மறதி, வினையை நுகர்வித்துப் பக்குவப்படுத்தற்பொருட்டு இறைவன் இயற்றும் மறைத்தற் றொழிலுக்கே அணித்தாம். ஐந்தொழிலுள் மறைத்தலும் அருளே என்பது நம்மனோர் கொள்கை.

பின்னையதாகிய மறதியை லேதே என்னும் பெயரால் விளக்கினார் மக்ரோபியஸ். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சிசரோவின் 'சிப்பியோ கனவு'க்கு உரைகண்ட அவர், பண்டையோர் கருத்தாக எடுத்தோதுவது இது: கீழுலகம் என்பது உடம்பே, லேதே, உயிர் தன் முன்னைப் பெருமையை மறந்து உடம்பே வாழ்வென எண்ணும் மயக்கம், பிளெகெதோன், வெகுளியும் அவாவுமாகிய எரி, அக்கெரோன், செய்தும் சொல்லியும் பின் இரங்குவது, கொகீதுஸ், அழவைப்பது, ஸ்திக்ஸ், பகைச்சுழி. யாறுகளை உள்ளத்துள் ஓடவிட்ட இவ்வுரை சுவைமிக்கது; நம்மவருள் எவரும் முதலிற் கேட்டவுடன் தலையசைப்பர். யானும் அசைத்தேன். பின்னர் ஆராய இரண்டிடத்துத் தடை தோன்றிற்று. உயிர்க்கு முன்னொரு தூயநிலை இருந்து பின்னர் மறக்கப்பட்டது என்பது நமக்கு உடன்பாடன்று. ஆணவம் அநாதியாகலின், அஃது அறிந்ததை மறத்தலன்று, என்றும் அறியாதிருந்தமையேயாம். உடம்பே கீழுலகம் என்பதும் உடன்பாடன்று. இருளிற் கிடப்பானுக்குக் கொடுத்த விளக்குப் போல்வது மாயை என்பது திருவருட்பயன் காட்டும் நெறி. விளக்கினை இருள் என்று சொல்லி அவிப்பான் இருளிலேயே கிடப்பான். உடம்பை வெறுத்தலே ஞானம் என மயங்குவார் நம்மிடையும் உளராகலின் இவ்வேறுபாடு வற்புறுத்தற்பாலது.

மக்ரோபியஸுக்கு முன்னரே, கி.மு. முதல் நூற்றாண்டில் உலுக்கிரீசியஸ் அக்கெரோனின் துன்பமெல்லாம் இவ்வாழ்விலேயே உள்ளன எனப் பாடினார். அவர் உயிர் உடலோடு அழியும் என்ற உலகாயதர். யாறுகளை உள்ளத்தே கண்டமையில் இருவரும் ஒப்பர். ஒருவர் மறுமையை மறுத்தற்கும், மற்றொருவர் மறுமையை நாட்டற்கும் அவ்வுவமையையே கருவியாக்கினர். உருவகமாகக் கொள்ளுதல் ஒன்றானே ஒரு நூல் நம் கொள்கைக்கு அரண் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

'சித்தாந்தத்தை அறியாத உரோமப் புலவர்மேல் நும் மலக்கோட்பாட்டை ஏற்றுதல் முறையோ' என ஒருவர் வினவலாம். வர்ஜில் சித்தாந்தி என்றேனல்லேன். நம் நூற்கருத்து அங்கே சென்று பரவிற்று என்றும் கூறினேனல்லேன். அவர் எழுப்பிய வினா மெய்வினா. அவர் தந்த விடை அதனை நிரப்பவில்லை. நிரம்பாமை எங்கே என்று காட்டுதற்கு நம் நூல் அளவுகோலாயிற்று. பிறர் நூலை நம்முடையதென்று தழுவிக்கொள்ளுதலும், நம்முடையது அன்றென்று தள்ளுதலும் ஒப்பாராய்ச்சி ஆகா. ஒத்தது ஒத்தவளவிலும் ஒவ்வாதது ஒவ்வாதவளவிலும் நிறுத்திக் காட்டுதலே ஆராய்ச்சி.

ஆகவே மொழிபெயர்ப்போர்க்கு யான் வேண்டுவன இவை. இன்பெரி என்பதைக் கீழுலகத்தார் என்றும், இடம் நோக்கின் கீழுலகம் என்றும் பெயர்க்க. நரகம் என்னுஞ் சொல்லைத் தார்தருஸின் இயல்பு கூறுமிடத்து ஒப்புமையளவில் மட்டும் ஆள்க. ஐந்து யாறுகளையும் அவ்வப்பெயரானே வைத்துப் பொருள் கூறுக. லேதேயை மறதியாறு என்க. வர்ஜிலிடத்து அது பழம்பிறப்பை மறத்தல் என்றும், மக்ரோபியஸிடத்துத் தன்னை மறத்தல் என்றும் இடந்தோறும் பிரித்துணர்த்துக. வைதரணியை அதற்குரிய கரையிலேயே விடுக.

அன்று ஏட்டிற் குறித்துக்கொண்ட மாணவர் இன்று முதியராயிருப்பர். அவ்வேடு அவரிடம் உளதோ, யாற்றின் பெயரோடு என் பெயரும் மறக்கப்பட்டதோ அறியேன். இவ்விதழ் அவர் கண்ணிற் படுமாயின், அவ்வொரு சொல்லைத் திருத்திக்கொள்வாராக. பிழையை மறத்தல் ஆசிரியனுக்கு எளிது. கற்பித்த பிழை கற்றவனிடத்தே நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.